பாடாலூர் பொட்டலம்

அத்தியாயம் 4

கடையின் கண்ணாடி உடைந்து கிடந்தது. கூட்டித் தள்ள யாரும் வரவில்லை. உடையார்பாளையம் கடைவீதியில் அந்த ஒரு கடை வாசலை மட்டும் ஆட்கள் ஒதுங்கி நடந்து கடந்தார்கள். ஒதுங்கிப் போனவர்களில் ஒருவர் நின்று, திரும்பி, வாசலில் துப்பிவிட்டுப் போனார்.

உள்ளே கவுன்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் நின்றிருந்த மஞ்சு அதைப் பார்த்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. பிறகு படியேறி வந்த இருவரையும் பார்த்தாள்.

"என்ன வேணும்?"

"என் பேரு வேம்பு. திருச்சியில துப்பறியும் ஆபீஸ் வெச்சிருக்கேன். இவரு பாலாஜி, என் அசிஸ்டென்ட்."

"தெரியும். வீரமணி அனுப்புன ஆளுங்க. என்னை உள்ள தள்ள ஆதாரம் தேடி வந்திருக்கீங்க." மஞ்சு கவுன்டர் மேல் இரண்டு கைகளையும் ஊன்றினாள். "தேடிக்கிட்டுப் போங்க. கண்ணாடி கிடக்கு, கால் பத்திரம்."

வேம்பு கடையைச் சுற்றிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது. போலீஸ் வேலையை விட்டு வந்து பல வருஷம் ஆகியும் ஒரு இடத்துக்குள் நுழைந்தால் முதலில் மூலைகளைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

"மேடம், எதிர்க்கடையில டீ கேட்டேன்," என்றான் பாலாஜி. "எந்தக் கடைக்குப் போறீங்கன்னு கேட்டான். சொன்னேன். பால் திரிஞ்சிடுச்சுன்னுட்டான். பக்கத்துல நின்ன ஆளுக்கு மட்டும் எப்படித்தான் திரியாம இருந்துச்சோ."

"ரெண்டு நாளா எனக்கும் திரிஞ்ச பால்தான்," என்றாள் மஞ்சு.

விஷயம் இதுதான். வீரமணி அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு லாரி ஓட்டுகிறவன். அவன் அம்மா சின்னப்பிள்ளைக்கு இதயத்தில் வால்வு மாற்றி ஆபரேஷன் ஆகியிருந்தது. அதன்பின் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. அதை மஞ்சுவின் கடையில்தான் வாங்கினாள். போன வாரம் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, வாந்தியில் ரத்தமாகக் கொட்டி, ஆஸ்பத்திரியில் இறந்து போனாள். ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிட்டவர்கள், அதனால் கசிவை நிறுத்த முடியவில்லை என்று டாக்டர் சொன்னது ஊருக்கு வந்து சேரும்போது, மஞ்சு கொடுத்த மாத்திரை ரத்தத்தைக் கொட்ட வைத்துவிட்டது என்று ஆகியிருந்தது. அந்தப் பேச்சு பரவி, முந்தாநாள் மாலை கண்ணாடி உடைந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குக் கடைக்குப் பூட்டுப் போடுகிற போராட்டம். முன்னால் நிற்பவன் வீரமணி. மஞ்சு மேல் போலீஸில் புகார் கொடுத்தவனும், வேம்புவை அமர்த்தியவனும் அவன்தான்.

"டாக்டர் எழுதின அளவுதான் குடுத்தீங்களா?" என்று கேட்டாள் வேம்பு.

"சீட்டோட நகல் இருக்கு. ஸ்டேஷன்லயும் குடுத்துட்டேன். பார்த்துக்குங்க."

"பார்த்துட்டுத்தான் வரேன். அளவு சரியாத்தான் இருக்கு."

மஞ்சு முதல் தடவையாகக் கொஞ்சம் தடுமாறினாள். "அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"அளவு சரியா இருந்தும் ஏன் செத்தாங்கன்னு தெரிஞ்சிக்க. கடைசியா அவங்க உங்க கடைக்கு வந்தப்ப என்ன நடந்துச்சு?"

"சண்டை நடந்துச்சு." மஞ்சு மழுப்பவில்லை. "முட்டி வலின்னு மாத்திரை கேட்டாங்க. முடியாதுன்னேன். நீங்க சாப்பிடுற மாத்திரையோட வலி மாத்திரை சேர்ந்தா வயித்துல புண்ணாவும், ரத்தம் கசிஞ்சா நிக்காது, டாக்டர்கிட்ட போயி வேற வழி கேளுங்கன்னு சொன்னேன். அழுதாங்க. நடக்க முடியல, ஒண்ணே ஒண்ணு குடுன்னாங்க. அரை மாத்திரைகூட கிடையாதுன்னுட்டேன். நீ நல்லாவே இருக்க மாட்டேன்னு மண்ணை வாரித் தூத்திட்டுப் போனாங்க."

"கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்ல?" என்றான் பாலாஜி.

"மொத ரெண்டு தடவை பதமாத்தான் சொன்னேன். மூணாவது தடவை அப்படி வரல." அவள் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையால் ஓரமாகத் தள்ளினாள். "காய்ச்சலுக்கு ஊசி மருந்து கேப்பாங்க, சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேப்பாங்க, தூக்கத்துக்குக் கேப்பாங்க. சீட்டு இல்லாம தர மாட்டேன்னா திமிரு புடிச்சவன்னு பேரு. இந்த ஊர்ல என்னைப் புடிக்காதவங்க யாருன்னு தேட உங்களுக்கு நேரம் பத்தாது. புடிச்சவங்களைத் தேடினா சீக்கிரம் முடிஞ்சிடும்."

*

சின்னப்பிள்ளையின் வீட்டில் வீரமணி இல்லை. போராட்டத்துக்கு ஆள் சேர்க்கப் போயிருந்தான். பக்கத்து வீட்டு அமிர்தவல்லி கதவைத் திறந்து விட்டாள். வீரமணிக்கு அத்தை முறை. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா தேடுங்க. அந்தப் பாவி பொண்ணை வுட்றாதீங்க," என்றாள். "எங்க அண்ணிய கொன்னுபுட்டு கோட்டு போட்டுக்கிட்டு நிக்குறா."

மாத்திரை டப்பாவில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒவ்வொரு உறையின் மேலும் மஞ்சு பேனாவால் சூரியனோ நிலாவோ வரைந்திருந்தாள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் வேளை. ரத்த மாத்திரையின் உறையில் நிலா. அதன் கீழே சிவப்பு மையில் ஒரு முட்டிக்கால் வரைந்து, அதன் குறுக்கே பெருக்கல் குறி.

"முட்டி வலிக்கு மாத்திரை கூடாதுன்னு படமே போட்டிருக்காங்க," என்றான் பாலாஜி. "படம் கொஞ்சம் சுமார்தான். நான் முதல்ல கோழிக்கால்னு நினைச்சேன். அசைவம் சாப்பிடக்கூடாது போலன்னு."

அமிர்தவல்லி தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் சின்னப்பிள்ளையின் வெற்றிலைப் பை தொங்கியது. செத்தவரின் பையை யாரும் இன்னும் தொடவில்லை. வேம்பு அதை எடுத்துச் சுருக்கைத் தளர்த்தினாள். காய்ந்த வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா. அடியில் ஒரு சின்னப் பொட்டலம்.

நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளை மடித்துச் செய்த பொட்டலம். உள்ளே உறையில்லாமல் இரண்டு மாத்திரைகள். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை.

பாலாஜி எட்டிப் பார்த்தான். "மேஷம் லாபம், ரிஷபம் நன்மை, மிதுனம் ஆதாயம். அன்னிக்குப் பன்னெண்டு ராசிக்கும் ஒரு கெட்டதும் இல்ல மேடம்."

"தேதியைப் பாரு."

சின்னப்பிள்ளை இறப்பதற்கு நான்கு நாள் முந்திய தேதி. தாளின் அடியில் நாள்காட்டி அச்சடித்துக் கொடுத்தவர்களின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. ஒரு டயர் கடை. ஊர் பாடாலூர்.

அமிர்தவல்லி சொம்போடு வரும்போது பொட்டலம் வேம்புவின் கைப்பைக்குள் போயிருந்தது.

"சின்னப்பிள்ளை அம்மா கடைசியா எப்ப வெளியூர் போனாங்க?"

"வெளியூரா? வாசப்படி எறங்கவே ரெண்டு பேரு புடிக்கணும். மெடிக்கல் கடைக்குக்கூட ஆட்டோ வெச்சுதான் போச்சு."

"முட்டி வலிக்கு வேற யாராச்சும் மாத்திரை வாங்கியாந்து குடுத்தாங்களா?"

அமிர்தவல்லி சொம்பைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு தொரத்திவுட்டதுக்கு அப்புறம் யாரு குடுப்பா?"

கேட்ட கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்ததை வேம்பு கவனித்தாள்.

மஞ்சுவின் கடைக்குத் திரும்பிப் பொட்டலத்தைக் கவுன்டரில் பிரித்தபோது அவள் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"செட்டு மாத்திரை," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "உறையிலேருந்து உதிர்த்து, பேரு தெரியாம கலந்து குடுப்பாங்க. மஞ்சள் வலி மாத்திரையா இருக்கணும். வெள்ளை ஸ்டீராய்டா இருக்கலாம். உறை இல்லாம சத்தியம் பண்ண மாட்டேன். நீங்க லேபுக்குத்தான் அனுப்பணும்."

"ரெண்டும் நீங்க சொன்னதுதான்னா?"

"ஒண்ணே போதும் அவங்களுக்கு." மஞ்சு நிமிர்ந்தாள். "யாரு குடுத்தது?"

"நாலரைக்குள்ள சொல்றேன்."

*

அரியலூர் தாண்டும்வரை முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்கல் லாரிகள். சாலையோர முந்திரி மரங்கள்கூட வெள்ளை பூசியிருந்தன. பெரம்பலூரில் நெடுஞ்சாலையில் ஏறி, சின்ன வெங்காயம் குவித்து விற்கிற கொட்டகைகளைக் கடந்து பாடாலூர் போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

டயர் கடையைக் கண்டுபிடிக்க வேலையே இல்லை. அதன் வாசலில் மனிதர் உயரத்துக்கு டயர்களை அடுக்கியிருந்தார்கள். அதை ஒட்டி ஒரு மருந்துக்கடை. உள்ளே சுவரில் டயர் கடை கொடுத்த நாள்காட்டி. பக்கத்தில் ஒரு மருந்தாளுநர் சான்றிதழ், சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதில் ஒரு பெண்ணின் படம். சட்டக் கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும்.

"சர்டிபிகேட்டுக்குப் பொட்டு வெச்சிருக்காங்க," என்று முணுமுணுத்தான் பாலாஜி. "அந்தம்மா உசுரோட இருக்காங்களா இல்லையா மேடம்?"

"நீ போ. உனக்கு உடம்பு வலி."

"நெஜமாவே வலிக்குது. உங்க கார்ல உக்காந்து வந்திருக்கேன்ல."

கடைக்காரர் இளையபெருமாளுக்கு ஐம்பது வயது இருக்கும். லுங்கி, மேலே முழுக்கைச் சட்டை. பாலாஜி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஒரு வேளைக்கா, மூணு வேளைக்கா?"

"மூணு வேளைக்கு."

இளையபெருமாள் மூன்று டப்பாக்களைத் திறந்தார். நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தார். மாத்திரைகளை அதில் போட்டு மடித்து நீட்டினார். எல்லாம் ஒரு பீடா மடிக்கிற வேகத்தில் முடிந்தது.

"சாப்பாட்டுக் கடையில சாம்பாரா ரசமான்னாவது கேப்பாங்க," என்றான் பாலாஜி வேம்புவின் காதில்.

வேம்பு முன்னால் வந்தாள். "எனக்கும் மூட்டு வலிங்க. ஆனா நெஞ்சுல ஆபரேஷன் பண்ணி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன். இதைச் சாப்பிடலாமா?"

"ஒண்ணும் ஆவாது. இது சும்மா வலி மாத்திரைதான்."

"அந்தப் படத்துல இருக்கிற மேடத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

இளையபெருமாளின் கை நாள்காட்டியிலிருந்து இறங்கியது. "அவங்க லீவு."

"எப்பலேருந்து?"

"நீங்க யாரு?"

வேம்பு கைபேசியைக் கவுன்டரில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து பழைய பொட்டலத் தாளை எடுத்து வைத்தாள். புதிய பொட்டலத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். ஒரே நாள்காட்டி, ஒரே மடிப்பு. "இதை யாருக்குக் குடுத்தீங்கன்னு தெரியணும்."

"ஆபீசரா? ஆபீசருன்னா கார்டைக் காட்டு. இல்லேன்னா எடத்தைக் காலி பண்ணு." அவர் குரலை உயர்த்தவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டி, "டேய், இங்க வாங்கடா," என்றார்.

டயர் கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் டயர் கழற்றுகிற இரும்புப் பட்டை. அவன் நேராக வேம்புவின் காருக்குப் பின்னால் போய் நின்றான். மற்றவன் பாலாஜியின் தோளுக்கு மிக அருகில் நின்றான்.

"அண்ணே, எனக்கு ஒடம்பு வலி இப்ப சரியாயிடுச்சு," என்றான் பாலாஜி அவனிடம்.

"இந்த ரோட்ல போறவங்க வரவங்க ஆயிரம் பேரு வாங்குவாங்க," என்றார் இளையபெருமாள். "நான் மூஞ்சியெல்லாம் ஞாபகம் வெச்சிக்கறதில்ல. தாளை எடுத்துக்கிட்டுக் கெளம்பு. இல்லேன்னா வண்டி நாலு சக்கரத்தோட ஊரு போயி சேராது."

அப்போது கவுன்டர் மேல் இருந்த வேம்புவின் கைபேசி அதிர்ந்தது. திரையில் கூப்பிடுகிறவரின் படம் வந்தது. லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கிற முகம். வீரமணி.

இளையபெருமாள் குனிந்து பார்த்தார். அவர் முகம் தளர்ந்து மலர்ந்தது.

"அட, நம்ம வீரமணி. அவரு அனுப்புன ஆளுங்களா நீங்க? அதை மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க." இரும்புப் பட்டை வைத்திருந்தவனைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையை அசைத்தார். "வாரா வாரம் இங்க வண்டிய நிப்பாட்டுவாருங்க. அவருக்கு இடுப்பு வலிக்கு ஒண்ணு, அம்மாவுக்கு முட்டி வலிக்கு ஒண்ணு. ஊர்ல ஒரு மெடிக்கல்காரி குடுக்க மாட்டேங்குறாளாம். போன வாரத்துலேருந்து ஆளைக் காணோம்." அவர் புதுத் தாள் ஒன்றைக் கிழித்தார். "அம்மாவுக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?"

கைபேசி அதிர்ந்து அடங்கியது. வேம்பு அதை எடுக்கவில்லை.

"இப்ப வலி இல்லைங்க," என்றாள். "செத்துட்டாங்க."

தாள் இளையபெருமாளின் கையிலேயே நின்றது. அவர் எதுவும் சொல்வதற்குள் வேம்பு இரண்டு பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.

பெரம்பலூரில் கார் ஓரமாக நின்றது. வேம்பு மருந்து ஆய்வாளர் ஆபீசுக்குப் போன் போட்டு, பாடாலூர் கடையின் இடத்தையும், சுவரில் மாட்டியிருந்த சான்றிதழின் பெயரையும் சொல்லி முடித்ததும் பாலாஜி மெதுவாகக் கேட்டான்.

"மேடம், நம்மள வேலைக்கு வெச்சவரே அவருதான். இப்ப ரிப்போர்ட்டை யாருகிட்ட குடுக்கறது?"

"அவருகிட்டதான். கேட்டது அவருதானே."

*

கடைவீதியில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஒருவர் கையில் 'கொலைகாரக் கடையை மூடு' என்று எழுதிய அட்டை. முன்வரிசையில் அமிர்தவல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள். மஞ்சு கவுன்டருக்குப் பின்னால் அதே இடத்தில் நின்றிருந்தாள். வீரமணி பெரிய பூட்டும் சங்கிலியுமாகப் படியில் கால் வைத்திருந்தான். அகலமான ஆள். தாடி மழித்துப் பல நாள் ஆகியிருந்தது.

வேம்புவைப் பார்த்ததும் இறங்கி வந்தான். "போன் பண்ணேன், எடுக்கல. ஆதாரம் கெடச்சுதா?"

"கெடச்சுது. இப்படி வாங்க."

காரின் மறுபக்கத்துக்குக் கூட்டிப் போய், பானெட் மேல் இரண்டு பொட்டலங்களையும் வைத்தாள். வீரமணி அவற்றைப் பார்த்தான். உடனே கண்ணை எடுத்துவிட்டான்.

"இது என்ன?"

"இளையபெருமாள் விசாரிச்சாரு. அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னு."

"அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் போவல," என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குப் புரிந்தது.

வேம்பு பழைய பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ராத்திரியெல்லாம் முட்டியைப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சுங்க. எனக்குப் பொறுக்கல. இவகிட்ட போயி கெஞ்சுச்சு, தொரத்திட்டா. நீ என்ன பெரிய இவ, உன்கிட்ட கெடைக்காட்டி வேற எடமே இல்லையான்னு எனக்கு ஆத்திரம். நானே அந்த மாத்திரையைத்தான் வருஷக்கணக்கா திங்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே. சும்மா வலி மாத்திரைதானே."

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டிருப்பாரே."

"கேட்டாரு." அவன் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டான். "வலி மாத்திரை எதாச்சும் சாப்பிட்டாங்களான்னு கேட்டாரு. அப்பவே எனக்குப் பொறி தட்டிடுச்சு. சுத்தி சொந்தக்காரங்க நின்னாங்க. இல்லைன்னுட்டேன்."

"அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

வீரமணி கூட்டத்தின் பக்கம் பார்த்தான். "நீங்க வந்து அவதான் காரணம்னு சொல்லிட்டீங்கன்னா, நானும் அதை நம்பிடலாம்னு பார்த்தேங்க."

பாலாஜி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பொண்ணு மேல குடுத்த புகாரை இன்னைக்கே வாபஸ் வாங்கணும்," என்றாள் வேம்பு. "ஏன் வாங்குறீங்கன்னு இந்தக் கூட்டத்துக்கு நீங்களே சொல்லணும். இல்லேன்னா இந்தப் பொட்டலத்தோட நான் ஸ்டேஷனுக்குப் போவேன். அது இருக்கட்டும். அதைவிட அவசரம் ஒண்ணு. பாடாலூர்லேருந்து வேற யாருக்கு வாங்கியாந்து குடுத்தீங்க?"

அவன் கண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் நின்றன. வேம்புவும் பார்த்தாள். அமிர்தவல்லியின் பாதங்கள் செருப்பின் வாருக்கு மேல் மாவு பிசைந்து வைத்ததுபோல உப்பியிருந்தன.

வீரமணி சங்கிலியைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போனான். அத்தையின் முன்னால் மண்டியிட்டான்.

"அத்தை, நான் குடுத்த பொட்டலம் எங்க? அதைக் குடு."

"எதுக்குடா? இன்னும் ரெண்டு வேளைக்கு இருக்கு." அமிர்தவல்லி முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். "அது இல்லாம என்னால எந்திரிக்க முடியாது."

"அதைத் திங்காத. குடு."

"சும்மா வலி மாத்திரைன்னு நீதானடா சொன்ன. உங்கம்மாவுக்கும் அதைத்தானே குடுத்த?"

அவள் உரக்கப் பேசிப் பழகியவள். பின்வரிசை வரைக்கும் கேட்டது. அட்டை வைத்திருந்தவர் அதைக் கீழே இறக்கினார்.

"என்னடா சொல்லுது உங்கத்தை?" என்று யாரோ கேட்டார்கள்.

வீரமணி மண்டியிட்டபடியே இருந்தான். "ஆமா. அம்மாவுக்கு நான்தான் குடுத்தேன். இந்தப் பொண்ணு குடுக்கல. குடுக்கக்கூடாதுன்னு சொன்னது இதுதான். நான்தான் வாங்கியாந்து குடுத்தேன்."

வீரமணியோடு காலையிலிருந்து ஆள் சேர்க்கச் சுற்றிய ஒருவர், "அப்ப எங்களை எதுக்குடா கூட்டியாந்த?" என்று கேட்டார். அவன் சட்டையைப் பிடிக்க இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். பாலாஜி இடையில் போய் நின்றான்.

"அண்ணே, அடிக்கிறதுன்னா அப்புறம் வரிசையில வாங்க. இப்ப அந்தம்மா காலைப் பாருங்க."

மஞ்சு கவுன்டரைச் சுற்றி வெளியே வந்தாள். உடைந்த கண்ணாடி அவள் செருப்பின் கீழ் நொறுங்கியது. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை. அமிர்தவல்லியின் காலடியில் குனிந்து, பாதத்தைப் பெருவிரலால் அழுத்தினாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"எத்தனை நாளா வீங்கியிருக்கு?"

"உனக்கு எதுக்கு?" என்றாள் அமிர்தவல்லி. ஆனால் குரலில் பழைய பலம் இல்லை.

"உங்களுக்கு சுகரும் பிரஷரும் இருக்கு. கிட்னி பலவீனமா இருக்குன்னு டாக்டர் சீட்டுல எழுதியிருந்தாரு, வலி மாத்திரை அதை இன்னும் கெடுக்கும், அதனாலதான் நீங்க கேட்டப்பவும் நான் தரல. ஒண்ணுக்கு சரியாப் போவுதா?"

அமிர்தவல்லி சுற்றிலும் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். மஞ்சு அதை வாங்கி, பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து வீரமணியிடம் கொடுத்தாள்.

"இனிமே ஒண்ணுகூட சாப்பிடக் கூடாது. இப்பவே அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தூக்கி எறிஞ்சிடாதீங்க, இதைக் கையோட கொண்டுபோயி டாக்டர்கிட்ட காட்டுங்க." அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "கேட்டா மறைக்காதீங்க."

வேம்பு காரின் பின்கதவைத் திறந்து விட்டாள். இரண்டு பேர் அமிர்தவல்லியைத் தாங்கிக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பாலாஜி சாவியை வீரமணியிடம் நீட்டினான். "நீங்களே ஓட்டுங்க. ரோடு உங்களுக்குத்தான் பழக்கம். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

வீரமணி சாவியை வாங்கினான். கார்ப் பக்கம் போகாமல் மஞ்சுவின் முன்னால் நின்றான்.

"கண்ணாடி நான் போட்டுத் தரேம்மா."

"வேணாம். புகாரை வாபஸ் வாங்குங்க, போதும். மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க, எனக்கு இப்ப அதுக்கு மனசு இல்ல."

அவன் தலையாட்டினான். அப்போதும் நகரவில்லை.

"அன்னிக்கு டாக்டர் கேட்டப்பவே நான் ஆமான்னு சொல்லியிருந்தா, அம்மா பொழைச்சிருக்குமா?"

வேம்பு மஞ்சுவைப் பார்த்தாள். யாருக்கும் எதையும் மழுப்பாமல் சொல்கிற அந்த முகம் அவனுடைய முகத்திலிருந்து விலகி, காருக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அமிர்தவல்லியின் பக்கம் போனது.

"தெரியாது," என்றாள் மஞ்சு. "தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். வண்டியை எடுங்க. இவங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு."